பஸ் டிக்கெட்டில் மலைக்குப் போகலாம்: இன்ஸ்ப்ரூக் பற்றிய கேள்வி–பதில்

கோடை விடுமுறை முடிந்ததும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரத்தைப் பற்றியவை. கார் இல்லாமல் மலைநடைக்குப் போக அதைவிட வசதியான ஊர் ஐரோப்பாவில் குறைவு. அங்கே போயும் பணத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் இத்தனை பேரா என்று வருத்தமாக இருக்கிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

நாங்கள் நான்கு பேர், நான்கு இரவு தங்கினோம். தினமும் பஸ், ட்ராமில் டிக்கெட் எடுத்துத்தான் மலையடிவாரம் போனோம். கிளம்பும் அன்று காலையில் பக்கத்து அறைக்காரர், "உங்களுக்கு இலவச கார்டு தரவில்லையா?" என்று கேட்டார். விடுதிக்காரரிடம் கேட்டால், "நீங்கள் கேட்கவே இல்லையே" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? — ஸ்டுட்கார்ட் வாசகர்

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த அட்டையின் பெயர் வெல்கம் கார்டு. திட்டத்தில் சேர்ந்த விடுதிகளில் குறைந்தது இரண்டு இரவு தங்கினால் தருவார்கள். அதைக் காட்டி அந்த வட்டாரத்தின் பஸ்ஸிலும் ட்ராமிலும் டிக்கெட் இல்லாமல் போகலாம். கோடையில் வழிகாட்டியோடு கூட்டிப்போகும் மலைநடைகளிலும் சேர்ந்துகொள்ளலாம். "இலவசம்" என்று சொல்லிக் கொடுப்பதால் விடுதிக்காரரின் தாராள மனசு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். அறை வாடகைக்குக் கீழே தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தங்கல் வரி தனியாகக் குறிப்பிட்டிருக்கும். ஊரின் சுற்றுலா வசதிகளுக்காக விருந்தினரிடம் வாங்கும் பணம் அது. நான்கு பேருக்கு நான்கு இரவு என்றால் பதினாறு தடவை கட்டியிருக்கிறீர்கள். அதைக் கட்டியவருக்கு அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது, சாப்பாட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு இலை போடாமல் விடுவதற்குச் சமம். "கேட்கவில்லையே" என்பதெல்லாம் பதிலே இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு இருப்பதே தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பார்?

பழைய டிக்கெட்டுகளுக்குச் சட்டப்படி பணம் வாங்கிவிடலாம் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் பில், டிக்கெட்டுகள் இரண்டையும் படமெடுத்து விடுதிக்கு எழுதுங்கள், இன்ஸ்ப்ரூக் சுற்றுலா அலுவலகத்துக்கும் நகல் அனுப்புங்கள். இனிமேல் போகிறவர்கள் அறையைப் பதிவு செய்யும்போதே, "உங்கள் விடுதியில் வெல்கம் கார்டு உண்டா?" என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஆஸ்திரியாவில் தங்குகிறவர்களின் விவரத்தை விடுதிக்காரர் பதிவு செய்தாக வேண்டும். அட்டையும் கிடையாது, பதிவுப் படிவமும் கிடையாது, தங்கல் வரி மட்டும் ரொக்கமாக வேண்டும் என்கிற, அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விடுகிறவர் அகப்பட்டால், அந்த வரிப் பணத்துக்கு ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. இன்ஸ்ப்ரூக் கார்டு என்று காசுக்கு விற்பது வேறு. அது 24, 48, 72 மணி நேரக் கணக்கு. அருங்காட்சியகம், கேபிள் கார், பஸ் எல்லாம் சேர்ந்தது. ஒரே நாளில் நாலு இடம் பார்ப்பவருக்கு அது லாபம். காலையில் காட்டுக்குள் போய் மாலையில் திரும்பும் ஆளுக்கு அது வேண்டாம்.

நகரத்துக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் ஹுங்கர்பூர்க் போக மலை ரயிலில்தான் ஏற வேண்டுமா? ஏழு பேருக்குக் கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. — மிலான் வாசகி

வேண்டாம். 'ஜே' பஸ் அங்கேயே போகிறது, சாதாரண நகர டிக்கெட் போதும். மலை ரயிலுக்குத் தனிக் கட்டணம். 2007இல் திறந்த அதன் நிலையங்களைக் கட்டடக் கலைஞர் ஜாஹா ஹடீட் வடிவமைத்தார், அவற்றைப் பார்க்க ஆசையிருந்தால் ஒரு வழிக்கு மட்டும் எடுங்கள். ஹுங்கர்பூர்க்கிலிருந்து ஆர்ஸ்லர் ஆல்ம், உம்ப்ரூக்லர் ஆல்ம் என்ற இரண்டு மலைப் புல்வெளி உணவகங்களுக்கும் குழந்தைகளோடு நடக்கக்கூடிய காட்டுப் பாதைகள் உண்டு. மேலே 1,905 மீட்டரில் இருக்கும் ஸேகுரூபேவுக்குக் கேபிள் கார் எடுத்தே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பாட்ஷர்கோஃபல் மலையின் கேபிள் காருக்குப் போக, வர டிக்கெட் வாங்கினேன். மேலே போய் ஸிர்பன்வேக் பாதையில் நடந்தேன். அது வேறொரு மலையில் போய் முடிந்தது. வரும் டிக்கெட் வீணானதுக்குப் பணம் கேட்கலாமா? — லின்ஸ் வாசகர்

கேட்க முடியாது. அந்தப் பாதை துல்ஃபைன் ஆல்மில் முடியும் என்று எல்லா வரைபடமும் சொல்கிறது. ஏழு கிலோமீட்டர், மரங்கள் வளரும் உயர எல்லையை ஒட்டி ஸிர்பன் பைன் மரங்களுக்கு நடுவே போகும் அருமையான நடை. அங்கிருந்து குளுங்கெட்ஸர் மலையின் கேபிள் லிஃப்டில் துல்ஃபெஸ் கிராமத்துக்கு இறங்கி, பஸ்ஸில் நகரத்துக்கு வர வேண்டும். இதற்கென்றே இரண்டு லிஃப்டும் சேர்ந்த டிக்கெட் இருக்கிறது. எங்கே இறங்கப் போகிறோம் என்று தெரியாமல் மலையேற டிக்கெட் எடுக்கிறவருக்கு நான் என்ன சொல்வது? அடுத்த முறை கவுண்டரில் பாதையின் பெயரைச் சொல்லி டிக்கெட் கேளுங்கள், குளுங்கெட்ஸரின் கடைசி லிஃப்ட் எப்போது என்றும் கேளுங்கள்.

அதே பாதையில் என் ஷூவின் அடிப்பாகம் கழன்று வந்துவிட்டது. இணையத்தில் "ஒருமுறைகூடப் போடாதது" என்று தள்ளுபடியில் வாங்கிய நல்ல பிராண்ட். வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. கடைக்காரர், "நீங்கள் முரட்டுத்தனமாக நடந்திருப்பீர்கள்" என்கிறார். — கிராட்ஸ் மாணவி

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். போடாத ஷூ என்பது புது ஷூ ஆகிவிடாது. மலைநடை ஷூக்கள் பலவற்றில் நடு அடுக்கு பாலியூரித்தேனால் ஆனது. காற்றின் ஈரமே அதைச் சில வருடங்களில் சிதைத்துவிடும். பெட்டிக்குள் கிடந்தாலும் சிதையும், சொல்லப்போனால் போடாமல் கிடப்பது சீக்கிரம் கெடும். நானும் ஒரு கடையின் இருப்பு தீர்க்கும் விற்பனையில் இப்படி ஒரு ஜோடி வாங்கினேன். மேல் தோல் பளபளவென்று இருந்தது, முதல் இறக்கத்திலேயே குதிகால் வாயைப் பிளந்தது. உள்ளே பார்த்தால் நடு அடுக்கு ஈர பிஸ்கட் மாதிரி விரலோடு வந்தது. இப்போதெல்லாம் கடையிலேயே ஷூவை வளைத்து, பக்கவாட்டில் நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன். மயிரிழை விரிசலோ மாவு மாதிரித் தூளோ தெரிந்தால் பாதி விலைக்கும் வேண்டாம். தயாரித்த மாதம், வருடம் பல ஷூக்களில் நாக்கின் உள்பக்கச் சீட்டில் இருக்கும்.

இப்போது உங்கள் உரிமை. கடையில் வாங்கிய பொருளுக்கு ஆஸ்திரியாவில் இரண்டு வருடம் விற்றவர்தான் பொறுப்பு. 2022இலிருந்து, முதல் ஒரு வருடத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் முரட்டுத்தனமாக நடந்தீர்கள் என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். சரிசெய்து கொடு, அல்லது மாற்றிக் கொடு என்று தேதி குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதுங்கள். மசியவில்லை என்றால் தொழிலாளர் சேம்பரின் நுகர்வோர் பிரிவுக்குப் போங்கள். கழன்ற அடிப்பாகத்தைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

ஜெர்மனியின் மாத டிக்கெட்டோடு மியூனிக்கிலிருந்து இன்ஸ்ப்ரூக் ரயிலில் போனேன். ஸேஃபெல்ட் அருகே அபராதம் போட்டார்கள். ஒரே ரயில்தானே! — மியூனிக் வாசகர்

ரயில் ஒன்றுதான், டிக்கெட் எல்லைக்கு முந்திய ஜெர்மன் நிலையமான மிட்டன்வால்டோடு சரி. அபராதத்தைக் கட்டுங்கள். அடுத்த முறை மிட்டன்வால்டிலிருந்து இன்ஸ்ப்ரூக்குக்கு ஒரு டிக்கெட் சேர்த்து எடுங்கள், ரயில் ஏறுவதற்கு முன்பே.

கேபிள் கார் டிக்கெட்டை ஓர் இடைத்தரகர் இணையதளத்தில் வாங்கினோம், தேதி குறித்தது. அன்று பலத்த காற்று, கேபிள் கார் ஓடவில்லை. "தேதி குறித்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது" என்கிறார்கள். — கொலோன் வாசகி

இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பி உங்கள் வாயை அடைக்கிறார்கள். மனம் மாறி ரத்து செய்தால்தான் அந்தப் பேச்சு. இணையத்தில் வாங்குவதற்கு உள்ள 14 நாள் ரத்து உரிமை, தேதி குறித்த பொழுதுபோக்குச் சேவைக்குப் பொருந்தாது, உண்மை. நீங்கள் ரத்து செய்யவில்லையே! அவர்கள்தான் விற்றதைத் தரவில்லை. இன்ஸ்ப்ரூக்கில் ஃபொன் என்ற தெற்குக் காற்று வீசினால் லிஃப்டுகள் நிற்பது ஊருக்கே தெரிந்த கதை, அதைத் தெரிந்துகொண்டேதான் விற்கிறார்கள். அன்று ஓடவில்லை என்ற அறிவிப்பைப் படமெடுத்து வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பணம் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் பரிவர்த்தனையை மறுத்து மனு கொடுங்கள். விற்றவர் வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் இருந்தால் ஐரோப்பிய நுகர்வோர் மையம் கட்டணமில்லாமல் உதவும். மலைக்கான டிக்கெட்டை அன்று காலை வானத்தைப் பார்த்துவிட்டு, லிஃப்ட் நிலையத்திலேயே வாங்குங்கள்.

குறைந்த செலவில், ரயில் நிலையத்திலேயே தொடங்கும் பாதை ஒன்று சொல்லுங்கள். — வியன்னா மாணவர்

கால் பலமாக இருந்தால் ஹோக்ஸிர்லில் இறங்குங்கள். நிலையத்திலிருந்தே ஏற்றம் தொடங்கும். 1,806 மீட்டரில் இருக்கும் ஸோல்ஸ்டைன்ஹவுஸ் விடுதிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். வந்த வழியே திரும்பலாம். நல்ல பழக்கம் உள்ளவர்கள் எப்ஸிர்ல் கணவாயைத் தாண்டி கீஸன்பாக் நிலையத்தில் இறங்கி அதே ரயில் பாதையில் ஊர் திரும்பலாம், காரில் வந்தவரால் இது முடியாது. மேலே தங்குவதாக இருந்தால் படுக்கைக்கான மெல்லிய உறையும் ரொக்கமும் கொண்டுபோங்கள். சும்மா காற்று வாங்க நடக்கிறவர்களுக்கு ஸ்டூபாய் ட்ராம். டெல்ஃபெஸில் இறங்கி லார்ச் புல்வெளிகள் வழியாக முட்டர்ஸ் பக்கம் நடந்தால், களைத்த இடத்தில் அடுத்த நிறுத்தம் இருக்கும்.

குழந்தைகளுக்கு ரயிலில் முழு டிக்கெட்டா? — ஓர் அம்மா

ஆறு வயது ஆகும்வரை இலவசம், 15 ஆகும்வரை பாதி.

பயணக் காப்பீடு எடுத்திருக்கிறோம். மலையில் கால் பிசகினால் அது போதும்தானே? — சென்னையிலிருந்து வரவிருக்கும் தம்பதி

பாலிசியில் "தேடுதல், மீட்பு" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள், மலைநடைக்கு எந்த உயரம் வரை பொருந்தும் என்பதையும் பாருங்கள். ஆஸ்திரியாவில் பொழுதுபோக்குக்காக மலையேறி அடிபட்டால் ஹெலிகாப்டர் செலவு உங்கள் தலையில்தான் விழும். அந்தச் சொற்கள் இல்லையென்றால் மலையேறுகிறவர்களின் அமைப்பான ஆல்பைன் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். சந்தாவிலேயே மீட்புக் காப்பீடு வருகிறது, மலை விடுதிகளில் படுக்கை விலையும் குறையும். மலை மீட்பு எண் 140, கைபேசியில் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்.