மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன், அப்புறம் எதற்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை?

கேட்டவருக்கு 27 வயது. எச்.ஐ.வி. இருக்கிறது, வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) கட்டுக்குள் இருக்கிறது, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரியும் இல்லை என்று எழுதியிருக்கிறார். இந்த நிலையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அவசியமா என்பது கேள்வி.

அவசியம். தொந்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நான் மருத்துவர் இல்லை, பதினொரு வருடமாக எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிற பெண். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருந்தார். புதிதாக வருகிறவர்களுக்கு, மாத்திரையை எப்படி மறக்காமல் போடுவது என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். மாதவிடாய் இல்லாத நாட்களில் அவருக்கு ரத்தம் பட ஆரம்பித்தது. அலைச்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டார். கடைசியில் போய்ப் பார்த்தபோது கட்டி வளர்ந்து சிறுநீர்க் குழாயை அழுத்திக்கொண்டிருந்தது. 41 வயதில் போய்விட்டார். அவருடைய வைரல் லோட் அறிக்கையில் கடைசிவரை வைரஸ் தென்படவே இல்லை. மாதாமாதம் மருந்து வாங்க வந்தவர். எடை பார்த்தார்கள், மீதி மாத்திரையை எண்ணினார்கள். அத்தனை வருடத்தில் ஒருவர்கூட, "கர்ப்பப்பை வாயை ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்று சொல்லவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

அவர் போன பிறகுதான் நான் வாய்விட்டுக் கேட்டேன். முதலில் பாப் ஸ்மியர், அதாவது கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து, வெளியூருக்கு அனுப்பினார்கள். ஐந்து மாதம் கழித்து வந்த தாளில் "செல்கள் போதவில்லை" என்று இருந்தது. திரும்ப எடுக்க வேண்டுமாம். அது வேறு கட்டடம், வேறு நாள். மருந்துக்கு ஒரு நாள் வேலை போகிறது, இதற்கு இன்னொரு நாள். ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். தப்புதான், ஆனால் அந்த நிலையில் இருக்கிற பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அப்புறம் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் வி.ஐ.ஏ. என்ற பரிசோதனையைச் செய்தார், கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்க்கிற முறை அது. டாக்டர்கூட இல்லை, ஒரு மேசை, ஒரு விளக்கு. வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலம்தான், தண்ணீர் கலந்தது. பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது. நான் நடுங்கியதைப் பார்த்து அவர் சொன்னார்: "இது புற்றுநோய் இல்லைம்மா. ஆகாமல் இருக்கத்தான் இப்போதே பார்க்கிறோம்." அன்றைக்கே, அந்த மாறிய செல்களை அழிக்க, சூடேற்றிய ஒரு சிறிய கருவியை அந்த இடத்தில் வைத்தார். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. மாதவிடாய் வலி மாதிரி இழுத்துப் பிடித்தது, அவ்வளவுதான். மூன்று வாரம் பிறப்புறுப்பிலிருந்து தண்ணீர் மாதிரி கசிந்தது. நான்கு வாரம் உடலுறவு கூடாது என்றார்.

சரி, மாத்திரை இவ்வளவு வேலை செய்தும் ஏன் இது? இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வேறொரு வைரஸ். ஏ.ஆர்.டி. அதைக் கொல்லாது. எதிர்ப்புச் சக்தியைத் தூக்கி நிறுத்துவதால் ஆபத்து குறையும், ஆனால் போய்விடாது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 6 மடங்கு. சாதாரணமாக 15 முதல் 20 வருடம் எடுக்கிற நோய், எதிர்ப்புச் சக்தி குறைந்து சிகிச்சையும் இல்லாத உடம்பில் 5 முதல் 10 வருடத்திலேயே வந்துவிடலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் மற்ற பெண்களுக்கு 30 வயதிலிருந்து என்று சொன்ன பரிசோதனையை நமக்கு 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை என்று வைத்தது. உங்களுக்கு 27. ஏற்கனவே இரண்டு வருடம் போய்விட்டது.

பெரிய ஆஸ்பத்திரி இல்லை என்பதை ஒரு தடையாக நினைக்காதீர்கள். ஜாம்பியாவில் 2006-இலிருந்து எச்.ஐ.வி. சேவையோடு சேர்த்து, செவிலியர்களை வைத்தே வி.ஐ.ஏ. நடத்தினார்கள். கேமராவில் படம் எடுத்து அந்தப் பெண்ணிடமே காட்டினார்கள். வி.ஐ.ஏ. பார்க்கிறவரின் கண்ணை நம்பியது, தவறலாம் என்று யாராவது இங்கே எழுதலாம். உண்மைதான். எச்.பி.வி. வைரஸையே தேடிப் பார்க்கிற எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை அதைவிட நம்பகமானது. கூச்சமாக இருந்தால் மாதிரியை நீங்களே தனியாக எடுத்துக் கொடுக்கலாம். காசநோய்க்குச் சளி பார்க்கிற ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரம் உங்கள் மையத்தில் இருந்தால், அதிலேயே வேறு கார்ட்ரிட்ஜ் போட்டு இதையும் பார்க்க முடியும். கேட்டுப் பாருங்கள். எச்.பி.வி. இருக்கிறது என்று வந்தாலும் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, அடுத்து இன்னொரு பரிசோதனை செய்துதான் முடிவெடுப்பார்கள். ஆனால் எச்.பி.வி. பரிசோதனை கிடைக்கும்வரை காத்திருக்கிறேன் என்று வி.ஐ.ஏ.வை விட்டுவிடாதீர்கள்.

"ஒழுக்கமாக இருந்தால் இதெல்லாம் வராது" என்று எழுத வருகிறவர்களுக்கு: எச்.பி.வி. உடலுறவு உள்ள பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் எப்போதாவது வந்துபோகிற தொற்று. எனக்கு எச்.ஐ.வி., எச்.பி.வி. இரண்டுமே என் கணவரிடமிருந்து வந்தவை. இதற்கு மேல் நான் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கேள்வியில் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். போன வருடம் பல் பிடுங்கப் போனேன். மறைக்கக் கூடாது என்று உண்மையைச் சொன்னேன். எல்லோரையும் பார்த்து முடித்து, கடைசியாகத்தான் கூப்பிட்டார்கள். என் சீட்டில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். கருவியை எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரிதான் சுத்தம் செய்ய வேண்டும். தனக்கு என்ன நோய் இருக்கிறது என்று வருகிற எல்லோருக்கும் தெரிந்திருக்குமா என்ன? இந்த மாதிரி நடத்துவதால்தான் பாதிப் பேர் பரிசோதனை மேசைக்கே வருவதில்லை. வி.ஐ.ஏ. செய்த அந்தச் செவிலியர் என்னை வந்த வரிசையில்தான் கூப்பிட்டார். அதை மறக்க மாட்டேன்.

சிகிச்சைக்குப் பிறகு 12 மாதத்தில் ஒரு முறை, அடுத்த 12 மாதத்தில் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார்கள். இரண்டும் நெகட்டிவ். அடுத்தது மூன்று வருடம் கழித்து. தேதியை மருந்துப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது நீங்களும் அந்த கவுன்ட்டரிலேயே கேளுங்கள்.