சற்று முந்திப் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், 34 வாரம் தாண்டி 37 வாரம் நிறைவதற்குள் பிறந்த குழந்தைகளைப் பற்றியவை. இவர்களில் பலர் இன்குபேட்டருக்குப் போவதில்லை. இரண்டு, இரண்டேகால் கிலோ எடையோடு அம்மா பக்கத்திலேயே படுத்திருப்பார்கள். பார்ப்பதற்கு நிறைமாதக் குழந்தை மாதிரியே இருப்பதால் வீட்டில் எல்லோரும் அப்படியே நடத்துகிறார்கள். பெரும்பாலான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சீம்பால் சில சொட்டுதான் வருகிறது. அது எப்படிக் குழந்தைக்குப் போதும்? (தஞ்சாவூர்)

முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் போதும். குழந்தை உறிஞ்சவில்லை என்றால் கையால் பீய்ச்சி நேரே ஸ்பூனிலோ பாலாடையிலோ பிடியுங்கள். இந்தக் கட்டத்தில் பம்பை விடக் கைதான் நல்லது. பம்பில் எடுத்தால் பாதி குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். சிசேரியன் ஆனவர்களுக்கும் சர்க்கரை இருப்பவர்களுக்கும் பால் இறங்க ஒன்றிரண்டு நாள் தாமதமாகலாம். அதுவரை பீய்ச்சுவதை நிறுத்தாதீர்கள்.

36 வாரத்தில் சிசேரியனில் பிறந்த பெண் குழந்தை, 2.3 கிலோ. இன்று ஐந்தாம் நாள். ரொம்ப சமத்து, அழுவதே இல்லை. ஐந்து மணி நேரம்கூடத் தொடர்ந்து தூங்குகிறாள். தூங்கும் குழந்தையை எழுப்பக் கூடாது என்கிறார் மாமியார். சரியா? (திண்டுக்கல்)

சரியில்லை. இதைப் படித்த கையோடு போய் எழுப்புங்கள்.

கர்ப்பத்தின் கடைசி நாலைந்து வாரத்தில்தான் மூளை வேகமாக வளர்கிறது. உங்கள் குழந்தைக்கு அந்த வாரங்கள் கிடைக்கவில்லை. பசித்ததும் விழித்து, அழுது, கேட்டு வாங்கிக் குடிக்கும் அளவுக்கு அவள் இன்னும் முதிரவில்லை. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் திறன் 34 வாரத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படியும். உடம்பில் கொழுப்புச் சேமிப்பும் குறைவு. பால் குறைந்தால் இவள் அழ மாட்டாள், தூங்குவாள். தூங்குவதால் குடிக்க மாட்டாள், குடிக்காததால் இன்னும் சோர்ந்து தூங்குவாள். அதற்குள் எடை இறங்கும், மஞ்சள் ஏறும், ரத்தத்தில் சர்க்கரை குறையும். உங்கள் மார்பிலும் பால் வெளியேறாமல் தேங்கி, சுரப்பு குறைய ஆரம்பிக்கும்.

"சமத்து" என்ற இந்தப் பாராட்டு மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. பார்க்க வருகிற உறவினர் சொல்கிறார்கள், பக்கத்துக் கட்டில்காரர் சொல்கிறார், சில வார்டுகளில் ஊழியர்களே சொல்கிறார்கள்: "சத்தமே இல்ல, தங்கமான புள்ள." அதைக் கேட்டு அம்மாவும் பூரித்துப்போய் ஆறு மணி நேரம் எழுப்பாமல் விட்டுவிடுகிறார். உடம்பு வற்றிப்போய் அவசர சிகிச்சைக்கு வரும் இந்தக் குழந்தைகளைத் தூக்கி வருபவர்கள் அநேகமாக முதலில் சொல்வது, "நல்லாத்தான் டாக்டர் தூங்கிட்டு இருந்துச்சு" என்பதுதான். இத்தனை வருடமாகச் சொல்லியும் மாறாததால் திரும்பச் சொல்கிறேன்: 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையின் அழுகைக்காகக் காத்திருக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்.

இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வையுங்கள். ஒரு வேளை தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்த வேளை தொடங்கும் நேரம் வரை கணக்கு. இரவிலும் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு வேளை. எழுப்புவதற்குப் போர்வையையும் சட்டையையும் கழற்றி, டயப்பரை மாற்றி, உங்கள் வெறும் மார்பில் தோலோடு தோல் படும்படி போட்டுக்கொள்ளுங்கள். முதுகை மெல்லத் தேய்த்துவிடுங்கள். உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எழுப்பும் பழக்கம் வேண்டாம், வலிதான் மிச்சம். குழந்தையின் உடம்பைக் கக்கத்தில் இடுக்கி, பிடரியைக் கையில் தாங்கிப் பிடித்தால் இந்த வயதுக்கு வசதி. உறிஞ்சுவது நின்றதும் மார்பை அழுத்திக் கொடுத்தால் பால் பாய்ந்து, மறுபடி விழுங்கத் தொடங்குவாள். அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், களைத்துவிடுவாள். அப்புறம் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் கொடுத்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் அடுத்த வேளைக்குப் பீய்ச்சி வையுங்கள். பீய்ச்சும் நேரத்தில் குழந்தையை மாமியாரிடம் கொடுங்கள். அவர் வளர்த்த பிள்ளைகள் நிறைமாதத்தில் பிறந்தவர்களாக இருக்கலாம். காரணத்தை எடுத்துச் சொன்னால் இரவு அலாரத்துக்கு முதலில் எழுபவர் அவராகத்தான் இருப்பார்.

இன்றே எடை போடுங்கள். பிறந்த எடையிலிருந்து 160 கிராமுக்கு மேல் இறங்கியிருந்தால் நாளை வரை தள்ளாமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். எழுப்பியும் எழாவிட்டால், தொடர்ந்து இரண்டு வேளை குடிக்காவிட்டால், உடம்பு சில்லிட்டால், எடையெல்லாம் பார்க்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பால் பத்தவில்லை. என்ன மாத்திரை போடலாம்? (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா எழுதவில்லை? எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்த எடை என்ன, இன்றைய எடை என்ன, ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறது என்று ஒன்றுமே இல்லை. இதைச் சொல்லாமல் பால் பத்தவில்லை என்று யார் முடிவு செய்தது? ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு நாளுக்கு 20, 30 கிராம் ஏறினால் பால் பத்துகிறது. ஒரே தராசில், உடையில்லாமல் எடை போடுங்கள். நிஜமாகவே குறைவு என்றால் அடிக்கடி கொடுப்பதும் பீய்ச்சுவதும்தான் முதல் மருந்து. மருந்துக் கடையில் நீங்களாக மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்.

பீய்ச்சிய பாலைப் பாட்டிலில் கொடுக்கலாமா? எவ்வளவு நேரம் வைக்கலாம்? (மதுரை)

பாலாடையே நல்லது, கழுவவும் கொதிக்க வைக்கவும் எளிது. குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்து, விழுங்க விழுங்கச் சிறிதாகச் சாய்க்க வேண்டும். படுக்கப் போட்டு வாயில் ஊற்றினால் புரையேறும். பீய்ச்சிய பால் அறையில் நாலு மணி நேரம் தாங்கும் என்பது குளிர்ச்சியான அறைக்கான கணக்கு. சித்திரை வெயிலில் அதை நம்பாமல் உடனே ஃப்ரிட்ஜின் உள்பக்கம் வைத்து, ஒரு நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். கதவுத் தட்டு வேண்டாம். அடுப்பில் சுட வைக்காமல், வெந்நீரில் கிண்ணத்தை நிறுத்தி வெதுவெதுப்பாக்கினால் போதும்.

எனக்குப் பால் இறங்கும் வரை பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாலை வாங்கிக் கொடுக்கலாமா? இல்லை, டின் பவுடரா? (சென்னை)

பக்கத்து வீட்டுப் பால் வேண்டாம்; மனசு நல்லதாக இருந்தாலும் ரத்தப் பரிசோதனை இல்லாத பால் அது. உங்கள் பாலுக்கு அடுத்தபடி தாய்ப்பால் வங்கியைக் கேளுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் இருக்கிறது. கொடையாளரைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கித் தருவார்கள். மருத்துவர் அவசியம் என்று சொன்னால் மட்டும் பவுடர், அதுவும் அவர் சொன்ன அளவில், அவர் சொன்ன நாள் வரை. பவுடர் கிருமியில்லாத பொருள் இல்லை. கொதித்து ஆறி 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்கி, பிறகு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். யாராவது இலவசமாக டின் நீட்டினால் வாங்காதீர்கள். அப்படிக் கொடுத்து விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

மஞ்சள் இருக்கிறது. காலை வெயிலில் காட்டினால் சரியாகுமா? (சேலம்)

வெயிலை நம்பாதீர்கள். முந்திப் பிறந்தவர்களுக்கு மஞ்சள் அதிகமாக ஏறும், அதிக நாள் நிற்கும். ஐந்து, ஏழாம் நாளில்கூட உச்சத்துக்குப் போகும். அளவு பார்த்து, தேவைப்பட்டால் நீல விளக்கு வைப்பார்கள். பாலை நிறுத்த வேண்டியதில்லை. உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் தெரிந்தால் அன்றே போங்கள்.

சேனை, உரைமருந்து, கிரைப் வாட்டர், கழுதைப்பால் இதில் எது கொடுக்கலாம்? (ஒரு பாட்டி, விருதுநகர்)

எதுவும் வேண்டாம் அம்மா. தேன் ஒரு வயது வரை கூடாது.

இரட்டைக் குழந்தைகள், 35 வாரம். ஒருவன் நன்றாக இழுக்கிறான், இன்னொருவன் இல்லை. (கோயம்புத்தூர்)

நன்றாக இழுப்பவனை ஒரு பக்கம் போட்டுவிட்டு, பால் பாயத் தொடங்கியதும் சோர்வானவனை மறுபக்கம் போடுங்கள். அடுத்த முறை பக்கத்தை மாற்றுங்கள். எழுப்புவதும் எடை போடுவதும் இருவருக்கும் தனித்தனிக் கணக்கு. சோர்வானவன் எடை ஏறும் வரை பாலாடையைக் கைவிடாதீர்கள்.

பத்தியம் என்று தண்ணீரே தர மாட்டேன் என்கிறார்கள். (பெரம்பலூர்)

தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். வழக்கமான சாப்பாட்டோடு கூடுதலாக ஒன்றிரண்டு வேளை சாப்பிடுங்கள். பூண்டும் முருங்கைக்கீரையும் பிடித்தால் சாப்பிடலாம். அவற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பீய்ச்சாமல் இருந்தால் பால் பெருகாது.

ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்கிறார்களே? (பெயர் வேண்டாம்)

பொய். கருப்பையில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பும் கூடும். இதைச் சொல்லி அழ வைப்பவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். அந்தத் தாய்க்கு இப்போது வேண்டியது தூக்கமும் துணையும்.

இரவு எழுப்புவதை எப்போது நிறுத்தலாம்? (திருநெல்வேலி)

பிரசவத்துக்குக் குறித்த தேதி தாண்டி, எடை ஒழுங்காக ஏறி, தானாகவே எழுந்து பால் கேட்கத் தொடங்கிய பிறகு. மூன்றும் இருக்க வேண்டும். நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் எடை அட்டையைக் காட்டுங்கள்.

தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறேன். சொட்டு மருந்து எதற்கு? (புதுக்கோட்டை)

வைட்டமின் டி தினமும் 400 யூனிட் வேண்டும். தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. இரும்புச் சத்து கடைசி வாரங்களில்தான் அம்மாவிடமிருந்து அதிகம் போய்ச் சேரும். உங்கள் குழந்தை அதற்குள் பிறந்துவிட்டதால் சில வாரங்களில் அதையும் தொடங்குவார்கள். அளவு எடையைப் பொறுத்தது. அண்ணன் குழந்தைக்கு எழுதிய சீட்டை வைத்து வாங்கிக் கொடுக்காதீர்கள்.