பிரஷர் உள்ளவர்கள் பல் எடுக்க மரப்பு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. பத்து ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். சொத்தையாகிவிட்ட கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்துவிட வேண்டும் என்கிறார் பல் மருத்துவர். அன்று பார்த்தபோது ரத்த அழுத்தம் 150/90 இருந்தது. மரத்துப்போகப் போடும் ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கும், அது பிரஷரை ஏற்றிவிடும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். அட்ரினலின் இல்லாத ஊசியாகக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாமா? அன்று காலை மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

பதில்: மரப்பு ஊசியில் அட்ரினலின் கலந்திருப்பது உண்மைதான், ஆனால் அதன் அளவை உங்கள் உறவினர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தில் பொதுவாக 80,000-இல் ஒரு பங்கு அல்லது 1,00,000-இல் ஒரு பங்கு என்ற விகிதத்தில்தான் அட்ரினலின் சேர்க்கப்படுகிறது. இரண்டாவது விகிதத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் இருக்கும். இதய நோயாளிகளுக்கே ஓர் அமர்வில் 0.04 மில்லிகிராம் வரை போடலாம் என்பது பல் மருத்துவத்தில் நெடுநாளாகப் பின்பற்றப்படும் வரம்பு. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை மரத்துப்போகச் செய்ய வழக்கமாக இரண்டு மில்லிலிட்டர் அளவே போதுமானது.

அந்தச் சிறு அளவையும் ஏன் சேர்க்கிறார்கள் என்றால், அட்ரினலின் அந்த இடத்து ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மரப்பு மருந்து ரத்தத்தில் சீக்கிரம் கலந்துவிடாமல் தடுக்கிறது. ரத்தக் கசிவையும் குறைக்கிறது. அது இல்லாத லிக்னோகெயின் பல்லின் உட்பகுதியைச் சில நிமிடங்களே மரத்துப்போக வைக்கும். பல் பாதி அசைந்திருக்கும்போது மரப்பு தெளிந்துவிட்டால், வலியிலும் அச்சத்திலும் உங்கள் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகளே ஊசியில் இருப்பதைவிடப் பல மடங்கு அட்ரினலினை ரத்தத்தில் கொட்டிவிடும். நான் அஞ்சுவது அந்த அட்ரினலினுக்குத்தான். ஆகவே, 150/90 அளவில் உள்ள நீங்கள் அட்ரினலின் இல்லாத ஊசியைக் கேட்க வேண்டியதில்லை.

மருத்துவர் ஊசியைச் செலுத்திய பின், மருந்தை அழுத்துவதற்கு முன், சிரிஞ்சைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பார்ப்பார். உள்ளே ரத்தம் வந்தால் முனை ரத்தக் குழாய்க்குள் இருக்கிறது என்று பொருள், இடத்தை மாற்றிக்கொள்வார். பிறகு மெதுவாகவே மருந்தைச் செலுத்துவார். அப்படியும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். அது ஓரிரு நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். படபடப்பு அடங்காமல் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கடும் தலைவலி என எது வந்தாலும் உடனே கையை உயர்த்திச் சொல்லிவிடுங்கள்.

அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால், அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, முதலில் பொது மருத்துவரைப் பார்க்கச் சொல்வதே முறை. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும் தங்கள் மருத்துவரின் ஒப்புதலைப் பெற வேண்டும். மாத்திரைகளில் கவனிக்க வேண்டியது புரோப்ரனலால். அதனுடன் அட்ரினலின் சேரும்போது அழுத்தம் திடீரென ஏறி, நாடித்துடிப்பு குறையக்கூடும். ஒற்றைத் தலைவலிக்கோ கை நடுக்கத்துக்கோ அதைச் சாப்பிடுபவர்கள் அது பிரஷர் மாத்திரை வகையைச் சேர்ந்தது என்பதே தெரியாமல் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வாயால் சொல்வதைவிட மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துச் சென்று காட்டுவது நல்லது.

காலை மாத்திரையை நிறுத்தவே கூடாது. வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். சிகிச்சை முடிந்ததும் சாய்ந்திருந்த நாற்காலியிலிருந்து சட்டென்று எழ வேண்டாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அப்போது அழுத்தம் இறங்கித் தலைசுற்றக்கூடும் என்பதால், சில நிமிடங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்திருங்கள். பல் எடுத்தபின் வரும் வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றை நீங்களாகவே கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை. பாராசிட்டமால் போதுமா என்று உங்கள் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.