பெற்ற பிள்ளையும் கொடுத்த பாலும்: புற்றுநோய் பற்றிய கேள்வி பதில்

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. புற்றுநோய்ப் பதிவேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் வந்தது என்று எண்ணுவதும் ஏன் வந்தது என்று துருவுவதும் என் தொழில். மருந்து எழுதிக் கொடுக்க மாட்டேன். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் பார்க்கவும் மாட்டேன். மற்றதைக் கேளுங்கள்.

கேள்வி (பல்லடம்): அக்கா, தாய்ப்பால் கொடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரவே வராது என்று பிரசவ வார்டில் சொன்னார்கள். நிஜமா?

பதில்: வராது என்பது தப்பு. வாய்ப்பு குறையும் என்பது சரி. இதைக் குழப்பிக்கொள்வதால் நோயை முற்றவிட்டு வருகிறவர்கள் உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இந்தத் துறையில் எல்லோரும் கைகாட்டும் கணக்கு 2002-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் வலேரி பெரல் தலைமையில் 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். புற்றுநோய் வந்த பெண்கள் 50,302 பேர், வராதவர்கள் 96,973 பேர். ஒரு பெண் பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அபாயம் 4.3 சதவீதம் குறைந்தது. அது போக, ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 சதவீதம். 12 மாதம் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. மூத்ததற்கு 5, இளையதற்கு 7 என்றாலும் கணக்கு அதேதான்.

4.3 சதவீதம் என்றதும் 100 பேரில் 4 பேர் தப்பிப்பதாக நினைக்க வேண்டாம். பணக்கார நாடுகளில் 70 வயதுக்குள் 1,000 பெண்களில் 63 பேருக்கு இந்த நோய் வரும் என்பது அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட அடிப்படை. அந்த 63-இல்தான் 4.3 சதவீதம். ஒரு வருடப் பாலூட்டல் 63-ஐ ஏறக்குறைய 60 ஆக்குகிறது. நம் நாட்டில் தொடக்க எண்ணே இதைவிடச் சிறியது. தனி ஒருத்திக்கு இது சின்ன லாபம்தான். ஆனால் அதே 1,000 பெண்களும் ஏழை நாட்டுப் பெண்களைப் போலப் பெற்று, அவர்களைப் போல வருடக்கணக்கில் பால் கொடுத்திருந்தால் 63 என்பது 27 ஆகியிருக்கும் என்று ஆய்வு கணித்தது. நாட்டுக்கணக்கில் அது பெரிய விஷயம்.

காரணம்? கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் மார்பின் சுரப்புச் செல்கள் முழுதாக முதிர்ந்து பால் சுரக்கும் வேலைக்கென்றே ஆகிவிடுகின்றன. முதிர்ந்த செல் சுலபத்தில் தறிகெட்டுப் பெருகாது. பால் கொடுக்கும் மாதங்களில் மாதவிடாய் தள்ளிப்போவதும் சேர்ந்துகொள்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த சான்று ஒன்று உண்டு. ஹாங்காங்கில் படகிலேயே குடியிருந்த மீனவப் பெண்களின் சட்டை வலப்பக்கம் திறக்கும். அதனால் வலது மார்பில் மட்டும் பால் கொடுப்பது வழக்கம். மாதவிடாய் நின்ற வயதில் அவர்களுக்கு வந்த புற்றுநோய் பால் கொடுக்காத இடது மார்பில்தான் அதிகம் என்று 1977-இல் லான்செட்டில் எழுதினார்கள். ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு, ஒரே ஹார்மோன். இதைவிட நல்ல ஒப்பீட்டை யாராலும் வடிவமைக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை, இன்று பல தடவை சொல்லப் போகிறேன்: பால் கொடுக்கும் மார்பில் கட்டி தட்டுப்பட்டால் பால் கட்டு என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் கரையவில்லையா, ஸ்கேன். பால் கொடுத்துக்கொண்டே ஸ்கேன், மேமோகிராம், பயாப்சி மூன்றும் செய்துகொள்ளலாம்.

கேள்வி (சேலம்): எனக்கு ஒன்றரை மாதத்தில் பால் நின்றுவிட்டது. மாமியார் தினமும் குத்திக் காட்டுகிறார். எனக்குப் புற்றுநோய் வருமா?

பதில்: மேலே உள்ள 63, 60 கணக்கைப் பாருங்கள் தங்கச்சி. ஒரு வருடம் கொடுத்தவரோடு ஒப்பிட்டால் நீங்கள் இழந்தது, 1,000 பேரில் மூன்று பேர் என்ற அந்த வித்தியாசத்தைவிடவும் குறைவுதான். உடல் எடை, மது, குடும்ப வரலாறு, வயது எல்லாம் இதைவிடக் கனமானவை. மாமியாரிடம் அவர் கடைசியாக மார்பகப் பரிசோதனை செய்துகொண்டது எப்போது என்று கேளுங்கள். அவருடைய வயதுதான் உங்கள் வயதைவிட அபாயமான வயது.

கேள்வி (யாழ்ப்பாணம்): எல்லாம் வெள்ளைக்காரர் கணக்காக இருக்குதே. எங்கட ஆட்களில செய்த ஆய்வு இருக்கோ?

பதில்: இருக்கிறது. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நோய் வந்தவர்கள், வராதவர்கள் என இரு பக்கமும் 1,800-க்கு மேற்பட்ட பெண்களிடம் கேட்டு ஒரு ஆய்வு 2009-இல் வந்தது. மாதவிடாய் நிற்காத பெண்களில், பால் கொடுத்த காலம் கூடக் கூட அபாயம் குறைந்தது. இலங்கையிலும் 2010-இல் ஒன்று, நோயாளிகள் 100 பேர்தான், ஆனால் விடை அதே திசையில். மும்பை பார்சிப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் அதிகம் என்பது பழைய செய்தி. தாமதமான கல்யாணம், குறைந்த பிள்ளைகள் என்பதே அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

கேள்வி (சென்னை): 41 வயது. கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை.

பதில்: இத்தாலியில் ரமாசினி என்ற மருத்துவர் 1713-இலேயே கன்னியாஸ்திரீகளுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் என்று எழுதிவிட்டார். ஆக, பிள்ளை பெறாதவர்களுக்குச் சற்றுக் கூடுதல் என்பது உண்மை. சற்றுக் கூடுதல் என்றால் சற்றுத்தான். இதற்காகப் பிள்ளை பெற வேண்டியதில்லை. எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எப்போது முதல் மேமோகிராம் என்று மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி (திருச்சி): மேடம், அப்படியானால் நம் பாட்டிமார் வழிதானே சரி? 16 வயதில் கல்யாணம், 6 பிள்ளை, ஆளுக்கு 2 வருடம் பால். இப்போது 30 வரை படிப்பு, வேலை என்று தள்ளிப்போட்டதன் விளைவுதானே இது? எனக்கும் 14 வயதில் மகள் இருக்கிறாள். நேர்மையாகச் சொல்லுங்கள்.

பதில்: நேர்மையாகவே சொல்கிறேன், உங்கள் பேச்சில் பாதி உண்மை. பிரையன் மக்மஹோன் என்ற ஆய்வாளரின் குழு உலகின் ஏழு பகுதிகளில் பார்த்து 1970-இல் எழுதியது. 18 வயதுக்கு முன்பே முதல் பிள்ளை பெற்றவர்களின் மார்பகப் புற்றுநோய் அபாயம், 35-க்கு மேல் முதல் பிள்ளை பெற்றவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்குதான்.

மீதிப் பாதியை யாரும் மேடையில் சொல்வதில்லை. சென்னைப் பதிவேட்டில் 1980-களில் பெண்களுக்கு முதலிடத்தில் இருந்தது மார்பகம் அல்ல, கர்ப்பப்பை வாய். நீங்கள் சொல்லும் பாட்டிமாரின் புற்றுநோய் அதுதான். சின்ன வயதில் தாம்பத்தியம், சின்ன வயதில் பேறு, அடுத்தடுத்த பேறு மூன்றும் அதைக் கூட்டுகின்றன. கர்ப்பப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் எச்பிவி கிருமி தொற்றிய பெண்களிலேயே, 7 பிள்ளையோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்கு 1, 2 பெற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக வருவதாக 2002-இல் காட்டினார்கள். அதே கன்னியாஸ்திரீகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெரோனா நகரத்தின் மரணப் பதிவுகளைப் புரட்டிய ரிகோனி ஸ்டெர்ன் 1842-இல் எழுதினார்: அவர்களுக்கு மார்பகம் அதிகம், கர்ப்பப்பைப் புற்று அபூர்வம். ஒரு பக்கம் இறக்கினால் மறுபக்கம் ஏறுகிறது, ஐயா. பிரசவ மரணத்தையும் ரத்தசோகையையும் நான் இன்னும் எடுக்கவே இல்லை.

கேள்வி (அதே திருச்சி): என் பாட்டி 92 வரை திடமாக இருந்தாரே?

பதில்: 92 வரை இருந்ததால்தான் அவரை உங்களுக்குத் தெரியும். மூன்றாம் பிரசவத்தில் போன பாட்டியைப் பற்றி எந்தப் பேரனும் கேள்வி அனுப்புவதில்லை.

கேள்வி (கோவை): அக்கா, குறுக்கே வருகிறேன். ஐயா எங்கள் வேலையைக் குறை சொல்கிறாரே, நான் வேலை பார்த்த இடத்தில் பால் பீச்சக் கழிவறைதான் கிடைத்தது. நாலு மாதத்தில் நிறுத்திவிட்டேன்.

பதில்: வாருங்கள், இதைத்தான் பேச வேண்டும். மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017-இல் வந்த திருத்தம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் தரச் சொன்னது. கல்யாண வயதைக் கீழே இழுப்பதைவிட, பால் கொடுக்கும் மாதங்களை நீட்டுவது நம் கையில் இருக்கிற வழி. நாற்று நடும் பெண்ணுக்கும் சித்தாளுக்கும் அந்த 26 வாரம் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருச்சி): சரி மேடம், வேலையை விடுங்கள். மேற்கத்திய வாழ்க்கைமுறை என்று ஒன்று உண்டா இல்லையா?

பதில்: உண்டு. எடை கூடுவது, நடக்காமல் இருப்பது, மது. மகள் பள்ளிக்கூடம் போவது அதில் சேராது. நான் ஒன்று கேட்கிறேன்: 14 வயது மகளுக்கு எச்பிவி தடுப்பூசி போட்டாயிற்றா?

கேள்வி (திருச்சி): இல்லை. அது கல்யாணத்துக்குப் பிறகு போடுவது என்றார்கள்.

பதில்: முன்பு போடுவது. 9 முதல் 14 வயதுதான் அதற்குச் சிறந்த காலம். 20 வயது வரை ஒரு தவணையோ இரண்டோ போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லிவிட்டது. இவ்வளவு நேரம் வாதாடியதற்குப் பலனாக இந்த வாரமே அழைத்துப் போங்கள். வீட்டம்மாவுக்கு 30 தாண்டியிருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் வினிகர் அமிலம் தடவிப் பார்க்கும் அந்த எளிய சோதனையை ஒரே ஒரு முறை செய்ததற்கே மரணம் 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் லான்செட்டில் வந்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டும் ஆய்வு, நம் ஊர்ப் பெண்களால் கிடைத்தது.

கேள்வி (மதுரை): தாய்ப்பால் கொடுத்தால் புற்றுநோய் வராதுதானே?

பதில்: முதல் பதில்.

கேள்வி (ஈரோடு): கல்லூரிக் காலத்தில் கருக்கலைப்பு செய்தேன். அதனால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று ஒரு வீடியோ.

பதில்: வராது. இந்தப் பயம் ஏன் கிளம்பியது என்று சொல்கிறேன். நோய் வந்த பெண், எதனால் வந்தது என்று தன் வாழ்க்கையையே தோண்டிப் பார்ப்பாள், கேட்டால் மறைக்காமல் சொல்வாள். நோய் இல்லாதவள் கருக்கலைப்பை வெளியில் சொல்ல மாட்டாள். இரண்டு பேரையும் கேட்டு எண்ணினால் கருக்கலைப்புக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பது போலத் தோன்றும். டென்மார்க்கில் வாய்மொழியை நம்பாமல், அரசுப் பதிவேட்டில் இருந்தே 15 லட்சம் பெண்களை எடுத்து 1997-இல் பார்த்தார்கள். தொடர்பு மறைந்துவிட்டது. 2004-இல் 53 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே முடிவு. வீடியோவை அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கருத்தடை மாத்திரை?

பதில்: மார்பகத்துக்குச் சாப்பிடும் காலத்தில் சற்றுக் கூடும், நிறுத்திப் பத்து வருடத்தில் அது மறையும். கர்ப்பப்பை வாய்க்கு 5 வருடத்துக்கு மேல் சாப்பிட்டால் கூடும். சினைப்பைக்கும் கர்ப்பப்பை உட்சுவருக்கும் நன்றாகக் குறையும், நிறுத்திய பிறகும் பல வருடம் அந்தப் பாதுகாப்பு நிற்கும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மகப்பேறு மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி (விழுப்புரம்): குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தால் கேன்சர் வருமாமே?

பதில்: நேர் எதிர். கருக்குழாயைக் கட்டியவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் குறைவு. அந்தப் புற்றில் ஒரு பெரும் பகுதி குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று இப்போது தெரிகிறது. தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் செய்துகொண்ட ஆபரேஷன், அதன் இந்த நன்மையை யாரும் சொல்வதே இல்லை.

கேள்வி (திருவாரூர்): பால் வற்ற மல்லிகைப்பூ கட்டினேன். பால் உள்ளேயே தங்கிப் புற்றாகுமா?

பதில்: ஆகாது. மல்லிகைப்பூ வேலை செய்கிறதா என்று வேலூர் சிஎம்சியிலேயே 1988-இல் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பால் வற்றுவதில் பூ தோற்கவில்லை.

கேள்வி (கரூர்): போன வருடம் முத்துப்பிள்ளை என்று சுத்தம் செய்தார்கள். ரத்தப் பரிசோதனைக்குத் திரும்பத் திரும்ப வரச் சொல்கிறார்கள். அலைச்சல். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. முத்துப்பிள்ளை என்பது கரு சரியாக உருவாகாமல் நச்சுக்கொடித் திசு நீர்க்குமிழிகளாகப் பெருகுவது. சிலருக்கு அந்தத் திசு உள்ளே தங்கிப் புற்றாக மாறும். கர்ப்ப ஹார்மோன் அளவு ஏறுகிறதா என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள். உரிய நேரத்தில் பிடித்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் குணமாகும் புற்று அது. அவர்கள் போதும் என்று சொல்லும் வரை அடுத்த கர்ப்பமும் வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): நான் 3 பிள்ளைக்கும் பால் கொடுத்தேன், எனக்கு வராதுதானே?

பதில்: முதல் பதில். தயவுசெய்து மேலே படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): பிள்ளை பெற்றதும் அபாயம் கூடும் என்று ஒரு டாக்டர் சொன்னார். நீங்கள் குறையும் என்கிறீர்கள்.

பதில்: இரண்டும் சரி. பிரசவத்துக்குப் பின் சில வருடங்கள் அபாயம் ஏறி, ஏறக்குறைய 5-ஆம் வருடத்தில் உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. பெறாதவர்களைவிடக் கீழே போக இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. 15 ஆய்வுகளைச் சேர்த்து 2019-இல் சொன்னார்கள். அந்த வயதில் நோயே அபூர்வம் என்பதால் தலை எண்ணிக்கை சிறியது. ஆனால் கவனியுங்கள், பால் கொடுத்தது அந்த ஏற்றத்தை மாற்றவில்லை. பால் கட்டு என்று நினைத்துவிடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கத்துவது இதனால்தான். இரண்டு வாரம், ஸ்கேன்.

கேள்வி (ஆவடி): கறுப்பு பிரா, டியோடரண்ட்?

பதில்: இல்லை, இல்லை.

கேள்வி (புதுச்சேரி): அம்மாவுக்கு 44 வயதில் சினைப்பைப் புற்றுநோய். சித்திக்கு 38-இல் மார்பகம். எனக்கு 33, இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மூன்று வருடம் பால் கொடுத்திருக்கிறேன். அது என்னைக் காக்குமா?

பதில்: இன்றைக்கு வந்ததில் உங்கள் கேள்விதான் அவசரமானது. இந்தக் குடும்ப வரலாற்றில், மார்பகப் புற்றையும் சினைப்பைப் புற்றையும் பரம்பரையாகக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருக்கலாம். அதில் 1, 2 என்று இரண்டு வகை. 2004-இல் வந்த ஒரு ஆய்வில், பிஆர்சிஏ1 மாற்றம் உள்ளவர்களில் ஒரு வருடத்துக்கு மேல் பால் கொடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் 45 சதவீதம் குறைவு. பிஆர்சிஏ2-இல் அந்தப் பலன் தெரியவில்லை. உங்களுக்கு எது, இருக்கிறதா இல்லையா என்பதே இன்னும் தெரியாது. தெரிந்தாலும் பாலூட்டலை மட்டும் நம்பி இருக்கக்கூடிய அபாயம் அல்ல இது. புற்றுநோய் மருத்துவமனையில் மரபணு ஆலோசனைக்கு நேரம் வாங்குங்கள். போகும்போது அம்மா, சித்தி இருவரின் பயாப்சி ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். அம்மா இருந்தால் முதல் பரிசோதனை அவருக்குச் செய்வதுதான் நல்லது. அவரிடம் மாற்றம் இன்னதென்று தெரிந்தால் உங்களிடம் அதை மட்டும் தேடினால் போதும்.