அமெரிக்க கிராமத்து கிளை லைன்கள்ல கூட்ஸ் வண்டி ஏன் நின்னு போச்சு?

லாரி வந்ததாலன்னு சொல்றது பாதி உண்மைதாங்க. ஐயோவா மாநிலத்துல ஊருக்கு ஊர் தானியக் கிடங்கு, 40 அடி பாக்ஸ்கார்னு சொல்ற மூடின கூட்ஸ் பெட்டியோட கதவு வாயில பலகையோ தடிமனான அட்டையோ வச்சு ஆணி அடிச்சுட்டு மக்காச்சோளத்தை உள்ள கொட்டுவாங்க, ஒரே எஞ்சின் ஊர்ந்து வந்து இழுத்துட்டு போகும். 1960கள்ல அடிப்பக்கம் திறந்து தானியத்தைக் கொட்டுற 100 டன் ஹாப்பர் பெட்டி வந்துச்சு பாருங்க, அதைத் தாங்க அந்த மெலிசு தண்டவாளத்துக்கு தெம்பு இல்ல. வாரத்துக்கு ரெண்டு வண்டி ஓடுற லைனுக்கு புதுசு போட யார் காசு குடுப்பா? தண்டவாளத்துக்கு அடியில இருந்த கட்டை மக்கிச்சு, வேகம் மணிக்கு 10 மைலுக்கு இறங்குச்சு, விவசாயி லாரிக்கு மாறிட்டாரு. ஐயோவாவுல ஓடுன ராக் ஐலண்ட் ரயில் கம்பெனி 1980 மார்ச் 31ல மொத்தமா நின்னுச்சு. அதோட மெயின் லைன்ல 1984லேர்ந்து ஐயோவா இன்டர்ஸ்டேட்ங்கற ரயில் கம்பெனி ஓட்டுது, கிளை லைன்களைத்தான் நிறைய பேத்து எடுத்துட்டாங்க, அதான் மனசுக்கு கஷ்டமா இருக்கு.