தமிழ்க் குரல் கேட்டதும்

அன்புள்ள அக்கா,
நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பெண். முதல்முறையாகத் தனியே தாய்லாந்து போனேன். ஹட்யாய் விடுதியில் தமிழ்க் குரல் கேட்டதும் உருகிவிட்டேன். அந்தக் குரலுக்குரிய பெண்ணோடு ஐந்து நாள் சுற்றினேன். நான் ரயிலுக்குக் கிளம்பும்போது, பட்டர்வொர்த்தில் இருக்கும் சித்தியிடம் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலம் நீட்டினாள். மறுத்தேன். பேசாமல் போய்விட்டாள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை, அக்கா. நட்பைக் காயப்படுத்திவிட்டேனா? இனித் தனியாகப் போகலாமா?

அன்புள்ள தங்கச்சி,
தாராளமாகப் போ. எந்த ரயில், எந்த விடுதி என்று அம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. அவ்வளவுதான்.

தமிழ்க் குரல் கேட்டு உருகினாய் பார், கொஞ்ச நாளாக என் மனத்தில் ஓடுவது அதுதான். நம் தோட்டங்களுக்கு ஆள் வந்தது எப்படி? தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி தமிழ்நாட்டில் தன் ஊருக்கே போய், தன் சொந்தபந்தத்தையே அழைத்தான். ஒப்பந்தமெல்லாம் வாய்ச்சொல்தான். மாமா கூப்பிடுகிறாரே என்று கப்பலேறினார்கள். இங்கே, வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் அந்த மாமாவுக்குத் தலைக்காசு விழுந்தது. 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடுக்கும்வரை இது நடந்தது. எல்லாக் கங்காணியும் கெட்டவனில்லை. ஆனால் ஒரே ஊர், ஒரே பேச்சு என்றதும் யாருக்கும் கேள்வி கேட்க வாய் வரவில்லை.

லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், கைமாற்று எப்படி வளர்ந்தது? ஒரு குவளை சீனி போனது, ஒரு குவளை திரும்பி வந்தது. அப்படிப் பல வருஷம் போன பிறகுதான் அடகு வைக்க நகை கேட்டார்கள். ஐந்து நாள் பழக்கத்தில் குவளையளவுதான் நம்பலாம். சாப்பாட்டுக் காசைப் பங்கிட்டுக்கொள். குளிக்கப் போகும்போது துணிமணியைப் பார்த்துக்கொள்ளச் சொல். கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) மட்டும் உன் உடம்போடு வைத்துக்கொள்.

‘அப்படிப்பட்டவள் இல்லை’ என்று எழுதினாயே, அதற்குத்தான் உன்னைத் திட்டவேண்டும். எல்லையில், பாடாங் பெசாரில் உன் பையைத் திறக்கிறவர் அவள் எப்படிப்பட்டவள் என்றா கேட்பார்? நம் நாட்டு 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆவது பிரிவைப் படி. பை உன்னிடம் இருந்தால், உள்ளே இருப்பது உனக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உன் பாடு. ஹெரோயின் 15 கிராம், சியாபு (மெத்தம்பெட்டமைன்) 50 கிராம், கஞ்சா 200 கிராம் எட்டினால் கடத்தல் என்றே கருதும். 15 கிராம் உன் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், தங்கச்சி! கட்டாயத் தூக்கு 2023-இல் நீங்கியது உண்மைதான். தூக்கு போகவில்லை. நீதிபதி அதை விதிக்காவிட்டாலும் 30 முதல் 40 ஆண்டு சிறை.

இனி யாராவது பொட்டலம் நீட்டினால், “வா, தபால் நிலையத்துக்கு நானும் வருகிறேன்” என்று சொல். சுங்கப் படிவத்தில் அனுப்புகிறவர் பெயரையும் உள்ளே என்ன என்பதையும் அவளே எழுதவேண்டும். தயங்காமல் எழுதினால் நீயே தேநீர் வாங்கிக் கொடு.

ரயிலேறும் முன் பையின் ஓர அறைகளையும் தடவிப் பார். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் பாடாங் பெசார் நிலையத்திலேயே முடிந்துவிடும், பிறகு திரும்ப வழியில்லை. உன்னுடையது அல்லாத எதுவும் கண்ணில் பட்டால் பிரிக்காதே, கழிவறையில் வீசாதே. சோதனைக்கு முன்பே அதிகாரியிடம் நீயே போய்ச் சொல்.

அவள் பேசாமல் போனது வலிக்கத்தான் செய்யும். ஐந்து நாள் சிரிப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. பொட்டலத்தில் வெறும் முறுக்குகூட இருந்திருக்கலாம். ஏன் மறுத்தாய் என்று அவளுக்கு ஒரு வரி எழுது, வீட்டு விலாசம் மட்டும் வேண்டாம். பதில் வந்தால் எனக்கும் சொல்.