டவர் கிடைக்காத ஊரில் ஸ்மார்ட் மீட்டர்: யூனிட் தாறுமாறாக ஏறுமா?

கேள்வி: தங்கச்சிமடத்தைத் தாண்டிக் கடலோரத்தில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே நண்டு அவித்துக் கம்பெனிக்கு அனுப்பும் வேலை நடக்கிறது. எங்கள் தெருவில் போன் பேச மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். சில நாள் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங் என்று காட்டும். ஸ்மார்ட் மீட்டர் வைத்தால் சிக்னல் இல்லாத நாட்களில் யூனிட் தாறுமாறாக ஏறும், கரன்ட் தானாகவே கட்டாகும் என்று பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் வந்து, 3,500 ரூபாய் கொடுத்தால் சிக்னல் பூஸ்டர் மாட்டித் தருகிறேன், இல்லையென்றால் 'நெட்வொர்க் இல்லாத பகுதி' என்று சர்டிபிகேட் வாங்கிப் பழைய மீட்டரையே இருக்க வைக்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி. மற்றதை அப்புறம் பேசுவோம்.

மீட்டருக்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று அளப்பது, இன்னொன்று அளந்ததைச் சொல்லி அனுப்புவது. நீங்கள் நண்டைத் தராசில் வைத்து எடை போடுகிறீர்கள், பிறகு கம்பெனிக்காரருக்குப் போன் செய்து இத்தனை கிலோ என்கிறீர்கள். லைன் கிடைக்கவில்லை என்பதற்காக நண்டின் எடை கூடிவிடுமா? மீட்டரும் அப்படித்தான். கரன்ட் ஓடும்போது உள்ளே எண் ஏறும். கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை அதைத் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். சிக்னல் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பும். ஒரு மாதக் கணக்கையாவது உள்ளே வைத்திருக்கும் அளவுக்கு அதற்கு நினைவகம் உண்டு.

இலங்கை டவர் விஷயம். மீட்டருக்குள் சிம் இருந்தால் அது நம் கையில் இருக்கும் சிம் மாதிரி இல்லை. இயந்திரங்களுக்கென்றே தருகிற சிம். அதன் எண் 13 இலக்கம், நம்முடையதைப் போலப் பத்து இல்லை. குறிப்பிட்ட சர்வருக்கு மட்டும் பேசும்படி அதைக் கட்டி வைத்திருப்பார்கள். அக்கரை டவரைப் பிடித்து ரோமிங் பில் உங்கள் தலையில் விழும் என்ற கதையை விட்டுவிடுங்கள்.

சிக்னலுக்கு வருவோம். மின்சாரத் துறைக்கும் தகவல் தொடர்புக்கும் உள்ள உறவு செல்போனுக்கு முந்தியது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு துணை மின்நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு 110 கேவி கம்பி வழியாகவே போன் பேசுவோம். மின்நிலையத்தில் பெரிய டிரம் மாதிரி ஒரு சுருள் தொங்கும், பெயர் வேவ் டிராப். பேச்சு வேறு பக்கம் ஓடிவிடாமல் தடுப்பது அதன் வேலை. கடலோரத்தில் அந்தப் போன் ஒரு தனி அனுபவம். கோடை முழுக்க இன்சுலேட்டரில் உப்பு படிந்திருக்கும். விடியற்காலைப் பனி அதன்மேல் இறங்கினதும் சிடுசிடுவென்று பொரியும். அந்தச் சத்தம் அப்படியே ரிசீவரில் கேட்கும். எதிர்முனையில் இருப்பவர் "என்னங்க, வடை சுடுறீங்களா?" என்பார்.

இத்தாலியில் 2001 வாக்கில் தொடங்கி சுமார் 3 கோடி வீட்டு மீட்டர்களை இதே வழியில், வீட்டுக்கு வரும் மின்கம்பி மூலமாகவே பேச வைத்தார்கள். நம் தெருக் கம்பியில் எத்தனை ஒட்டு, எத்தனை முறுக்கு! இங்கே அது தடுமாறும். அதனால் இந்தியாவில் பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று சிம். இன்னொன்று ஆர்.எஃப். மெஷ். இந்த மெஷ்ஷுக்கு உங்கள் வீட்டில் டவரே வேண்டாம். படகிலிருந்து கரைக்கு ஆட்கள் வரிசையாக நின்று கூடையைக் கைமாற்றுவதுபோல, ஒரு மீட்டர் பக்கத்து மீட்டரிடம் கொடுக்கும், அது அடுத்ததிடம் கொடுக்கும். கடைசியில் கம்பத்தில் இருக்கும் ஒரு பெட்டி எல்லாவற்றையும் வாங்கி மேலே அனுப்பும். பனங்காட்டுக்குள் ஒன்றொன்றாகச் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குத்தான் இதில் சிக்கல். நெருக்கமான உங்கள் தெருவுக்கு இல்லை.

இப்போது அந்தச் சர்டிபிகேட். இதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் புரோக்கர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளியை வைத்துத்தான் பிழைக்கிறார். தொடர்பு வலை இல்லாத பகுதிகளில் ஸ்மார்ட் அல்லாத மீட்டர் வைக்க அனுமதிக்கலாம் என்று மத்திய மின்சார ஆணையத்தின் மீட்டர் விதிமுறையில் ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அந்த அனுமதியைத் தர வேண்டியது மாநில ஒழுங்குமுறை ஆணையம். தாசில்தார் இல்லை, வி.ஏ.ஓ. இல்லை, செக்‌ஷன் ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்பவர் சத்தியமாக இல்லை. விதி பகுதிக்குத்தான், உங்கள் வீட்டுக்குத் தனியாக இல்லை. உங்கள் போனில் ஒரு கோடு காட்டவில்லை என்பதால் அது வலை இல்லாத பகுதி ஆகிவிடாது. வேறு கம்பெனி சிம்முக்குக் கிடைக்கலாம், மெஷ்ஷில் கிடைக்கலாம். தனி வீட்டுக்கு அப்படி ஒரு சர்டிபிகேட் என்று எவராவது காகிதம் நீட்டினால், அதில் உள்ள சீல் எந்தக் கடையில் செய்தது என்று மட்டும் கேளுங்கள்.

பூஸ்டர் கதையும் இதே ரகம். ஸ்மார்ட் மீட்டர்களுக்குப் பணம் தருவது 2021ல் மத்திய அரசு அறிவித்த ஆர்.டி.எஸ்.எஸ். என்ற மின் விநியோகச் சீரமைப்புத் திட்டம். அதன் அமைப்பே என்னவென்றால், மீட்டரை வைத்துப் பராமரிக்கும் ஒப்பந்ததாரருக்கு மாதாமாதம் மீட்டர் கணக்கில் பணம் போகும், தகவல் ஒழுங்காக வந்து சேர்ந்தால்தான் அது முழுசாகப் போகும். சிக்னல் வராவிட்டால் நட்டம் அவருக்கு. ஆன்டெனாவை நீட்டுவதோ, சிம்மை மாற்றுவதோ, மெஷ்ஷுக்கு மாறுவதோ அவர் தலைவலி. அதற்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

திட்டம் வந்து இத்தனை வருடம் ஆகியும் இங்கே டெண்டர் போடுவது, 2024 டிசம்பரில் விலை அதிகம் என்று ரத்து செய்வது, திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவது என்றே காலம் போயிருக்கிறது. உங்கள் ஊருக்கு எப்போது, எந்த வழியில் வரும் என்று ஒரு நோட்டீஸ் பலகையில் எழுதிப் போட்டால் இந்தப் புரோக்கருக்கு வேலையே இருக்காது. எழுத மாட்டார்கள். நானும் பல வருடம் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவன்தான், எழுதச் சொல்லி ஒரு தடவைகூட ஃபைல் போட்டதில்லை.

நீங்கள் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்கள் பக்கம் உப்புக்காற்றுக்குப் பயந்து, கிரில் பட்டறையில் சொல்லித் தகரப் பெட்டி செய்து மீட்டரை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். முழுக்க மூடிய இரும்புப் பெட்டி ரேடியோ அலையை வெளியே விடாது. புது மீட்டர் வரும்போது அந்தப் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். மீட்டரோடு வரும் பிளாஸ்டிக் பெட்டியே போதும். இன்னொன்று, வயரின் முனை மீட்டருக்குள் நுழையும் இடம் பச்சை பூத்திருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். ஒருமுறை பாம்பன் பக்கம் ஒரு வீட்டில் லைட் மங்குகிறது, மீட்டர் கோளாறு என்று சண்டை. போய்ப் பார்த்தால் நியூட்ரல் ஸ்குரூ உப்பில் அரித்து, கைபட்டதும் தூளாக உதிர்ந்தது. மீட்டருக்கு ஒன்றுமில்லை. நீங்களாகக் கை வைக்காதீர்கள், வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கரன்ட் தானாகக் கட்டாகுமா? மீட்டருக்குள் தொலைவிலிருந்து நிறுத்தும் ரிலே இருக்கிறது, உண்மைதான். ஆனால் சிக்னல் போனதற்காக அது நிற்காது. முன்பணம் கட்டும் முறை வந்தால் மட்டும் உங்களைப் போன்ற ஊருக்கு ஒரு தொல்லை உண்டு: பணம் சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், 'கரன்டைத் திரும்பக் கொடு' என்ற கட்டளை மீட்டருக்கு வந்து சேரத் தாமதமாகும். ஃப்ரீசரில் நண்டு இருக்கும்போது கட்டிய முன்பணத்தைக் கடைசி ரூபாய் வரை கரைய விடாதீர்கள்.

"இன்றிரவு 9.30க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த நம்பரைக் கூப்பிடுங்கள்" என்று வரும் மெசேஜ் சுத்தத் திருட்டு. ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் அதை இன்னும் நம்பும்படி எழுதுவார்கள். மீட்டரின் சிம் உங்களைக் கூப்பிடாது, ஆப் இறக்கச் சொல்லாது. சந்தேகம் வந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. வேறு எந்த எண்ணும் வேண்டாம்.

மீட்டர் ஓடுவது சரிதானா என்று நீங்களே பார்க்கலாம். முன்பக்கம் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் 3200 என்பது போல ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை மினுக்கல் என்று அர்த்தம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டு, சூடாகிக்கொண்டிருக்கும்போதே ஒரு நிமிடம் எண்ணுங்கள். 3200 மீட்டரில் சுமார் 53 மினுக்கல் வரும். வோல்டேஜ் குறைவாக இருந்தால் சற்றுக் குறையும். எழுபது, எண்பது என்று வந்தால் செக்‌ஷன் ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். நுகர்வோர் உரிமை விதிகளில் 2024ல் கொண்டுவந்த திருத்தப்படி, புகார் கொடுத்த ஐந்து நாளுக்குள் சரிபார்க்க இன்னொரு மீட்டர் வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து நாளை அவர்கள் மறந்துவிடுவார்கள். அதனால் புகார் மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி, பழைய வெள்ளை அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.